உபதேசியார் வீட்டுக்கு யார் போவது

உபதேசியார் குடை முனையால் எங்கள் இரும்புக் கேட்டை மூன்று முறை தட்டுவார். நான் சித்தூரில் கல்லூரி ஆசிரியனாக இருந்த காலம் அது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஆராதனைக்கு வராதவர் வீட்டுக்கு, சனிக்கிழமை மாலை, ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் போய் விசாரிப்பது எங்கள் பழைய மிஷன் சபையின் வழக்கம். என் மனைவி முதல் பிரசவத்தில் குழந்தையோடு இறந்த பிறகு நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கடவுளிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பதினோரு சனிக்கிழமைகள் அவர் வந்தார். ஒரு நாள் பொறுக்காமல், "உமக்கு இது வேலை, அதான் வர்றீர்" என்று குத்தினேன். "வேலதான் சார். ஒரு காபி குடுத்தீங்கன்னா சீக்கிரம் முடிச்சிக்கினு போயிடுவேன்" என்று சிரித்தார். குடித்துவிட்டு எழுந்தபோது சொன்னார்: "நீங்க பாட வேணாம், ஜெபம் பண்ண வேணாம். உங்களுக்கும் சேத்து நாங்க பாடிக்கினு இருக்கோம். சும்மா வந்து ஒக்காருங்க." மறுநாள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்றுவரை நான் விசுவாசியாக இருப்பது அந்தப் பேச்சால்தான், கேட்ட பிரசங்கங்களால் அல்ல.

பல வருடங்களுக்குப் பின் நான் சபைச் செயலாளரானேன். அப்போதுதான் உபதேசியாரின் ஒரே மகன் வடமாலபேட்டை அருகே லாரி மோதி இறந்தான். அடக்கத்தன்று அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கமிட்டியில் பேச்சு வந்தபோது, "உபதேசியாருக்கே உபதேசமா? அவருக்குத் தெரியாத வேத வசனத்த நாம எங்க போய்த் தேடறது?" என்றார் பொருளாளர். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வராதவரை விசாரிப்பது அவர் வேலை. அவரே வராதபோது அது யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வேறொருவரை அமர்த்தும் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் அவர் வீடு வரை போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்திருந்தது. அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் என்ன வசனம் சொல்வது என்று தயங்கினேன். என் வீட்டுக்கு வந்த நாட்களில் அவர் ஒரு வசனமும் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அடக்க ஆராதனைக்கு முன், ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆயர் என்னைத் தனியே அழைத்து, "கடைசி வரைக்கும் விசுவாசத்துல இருந்தாரா சார்?" என்று கேட்டார். "இருந்தார்" என்றேன். ஆயர் அதையே பெட்டியருகில் நின்று சபைக்குச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் உபதேசியாரின் மகள் என்னிடம் வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. "சனிக்கெழம ஆனா நைனா கதவ சாத்த வுட மாட்டாரு சார். 'யாராவது வருவாங்க, இரும்மா'ன்னுவாரு. உங்க பேரத்தான் சொல்லிக்கினு இருந்தாரு."

இப்போது திருப்பதியில் தம்பி மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரு ஞாயிறு தவறினால் சபையிலிருந்து யாராவது போன் செய்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உபதேசியார்தான் நினைவுக்கு வருகிறார். அவர் நம்பிக்கையோடு போனாரா, அதை விட்டுவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், திறந்திருந்த அந்த வீட்டுக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்வது மட்டும்தான்.