இரண்டு திரைகளில் ஒரே கொள்ளிடம்

மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடியே சாப்ட்வேர் எழுதுகிறேன். ஒரு மத்தியானம், ஆற்று நீர்மட்டத்தை இலவசமாகத் தரும் இரண்டு அரசு ஏபிஐகளை, அதாவது நிரல்கள் தரவை எடுத்துக்கொள்ளும் இணைப்புகளை, ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாவதில் கொள்ளிடம் அமைதியாக இருந்தது. இரண்டாவதிலோ மேற்கே, ஆறு வரும் பக்கம், நீர்மட்டம் கிடுகிடுவென ஏறியிருந்தது. முதலாவது காலையில் அளந்தது; இரண்டாவது சற்றுமுன் அளந்தது.

தூக்கிவாரிப்போட்டது. மனைவியின் அண்ணன் அப்போது ஆற்றின் நடுத்திட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். போன் போட்டேன்.

"மச்சான், தண்ணி வருது! உடனே கரையேறுங்க!"

"இங்க முழங்கால் தண்ணிகூட இல்லீங்களே மாப்ள."

"சொன்னா கேளுங்க!"

முனகிக்கொண்டே மாடுகளை ஓட்டினார். சற்று நேரத்தில் கரையிலிருந்து அவரே திரும்ப அழைத்தார்.

"மாப்ள, நான் நின்ன திட்டையே காணோம்."

அந்த இரண்டு ஏபிஐகளில் எது வேகம், எது எளிது என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது எந்தத் தரவைத் திறந்தாலும், அது அளந்த நேரத்தைத்தான் கண் முதலில் தேடுகிறது.