ஒற்றைச் சில்லும் கன்றிப்போன கால்களும்

சுவிசிலிருந்து அண்ணை அனுப்பிய பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், பழைய உடுப்புகளால் சுற்றி, கறுப்பாக ஒரு சாமான் இருந்தது. ஒரு சில்லு. அதன் இரண்டு பக்கமும் கால் வைக்க மடிப்புப் பலகைகள். தலையில் ஒரு கைபிடி. இருக்கை இல்லை, ஹான்டில் இல்லை, பிரேக் இல்லை. நானும் என் அவரும் அதை விறாந்தையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். மிச்சப் பாகங்கள் அடுத்த பெட்டியில் வரும் என்று நினைத்தோம்.

அடுத்த மாதம் அண்ணையே வந்தார். மிச்சம் ஒன்றும் கிடையாது, இதுதான் முழுச் சாமான் என்றார். கரன்டில் ஓடும் ஒற்றைச் சில்லு. அங்கே வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு இதில்தான் போய்வருவாராம். வந்த அன்று பின்னேரமே அதில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, தார் ரோட்டில் நேராகப் போய்த் திரும்பி வந்தார். மற்ற நாள் பக்கத்து வீட்டாருக்குக் காட்டவென்று தார் போடாத ஒழுங்கைக்குள் இறக்கினார். எங்கள் புங்குடுதீவு மணல் சுவிஸ் ரோட்டைப் போல இல்லை. சில்லு புதைந்தது, அண்ணையின் கணுக்கால் பிரண்டது. லீவில் மிச்சமிருந்த இரண்டு கிழமையும் ஒரு கதிரையில் அவரும் மற்றக் கதிரையில் அவருடைய காலுமாக இருந்துவிட்டுப் போனார்.

அவ்வளவு பெரிய பற்றறியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளிக்கிடும்போது என்னிடம் சொன்னார்: "மாசத்துக்கு ஒருக்கா சார்ச் போட்டு விடு. சும்மா கிடந்தா பழுதாப் போடும்."

இரண்டு மாதம் சொன்னபடி சார்ச் மட்டும் போட்டேன். மூன்றாவது மாதம் வயரைக் கழற்றிவிட்டு, என்ன செய்கிறது பார்ப்போம் என்று பொத்தானை அமத்தினேன். சாய்ந்து கிடந்தது முன்னும் பின்னும் தன்னைச் சரி செய்துகொண்டது. ஒரு காலை வைத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. மடத்துவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். என் அவர் பஸ் நடத்துநர். எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள வளவுக்காரர் எல்லோரும் கனடாவில். ஆள் இல்லாத அந்த வீட்டுக்கு நெஞ்சளவு உயரத்தில் நீளமான ஒரு மதில் இருக்கிறது. மதிலோடு சேர்த்து நிலத்துக்குச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாபிச் சட்டையும் என் அவருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுமாக, பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரங்களில் தொடங்கினேன்.

முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் இதைத்தான் சொல்லின. மூளைக்கு விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை. பயம் வந்ததும் உடம்பு பின்னால் சாய்ந்தது. சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. குதித்து இறங்கினால் அது தன்பாட்டில் கொஞ்சத் தூரம் போய் விழுந்து, கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கும். பிறகு ஒரு பழைய சீலைத் துண்டைக் கைபிடியில் கட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அதனால் சாமான் தப்பியது. நான் தப்பவில்லை. ஏறும்போது அதன் பக்கவாட்டைக் கெண்டைக்காலோடு சாய்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் இடித்தது.

என் அவர் விறாந்தையிலிருந்து பார்ப்பார். "உடம்பைப் பாத்துக்கொள்ளும்" என்பார்.

மூன்று கிழமையில் என் கால்கள் முழங்காலுக்குக் கீழே நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிக்கொண்டிருந்தன. முழங்கையில் ஒரு உரசல். ஒருநாள் வலது உள்ளங்கை தோல் கிளம்பி, வெண்கட்டி பிடிக்க ஏலாமல் பிள்ளைகளையே கரும்பலகையில் எழுத வைத்தேன். ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம், "விழுந்திட்டன்" என்றேன். அடுத்த கிழமையும் "விழுந்திட்டன்" என்றேன். எப்படி விழுந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒற்றைச் சில்லு ஓடப் பழகுகிறேன் என்று கணித ஆசிரியை ஒருத்தி எந்த முகத்தோடு சொல்வது?

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது என் அவர் கேட்டார்: "உங்கட மனையியல் ரீச்சருக்கு என்னோட ஏதும் கோவமோ?"

"ஏன்?"

"மூண்டு நாளா சீசன் ரிக்கற்றைக் காட்டேக்க முகத்தைத் திருப்பிறா. இண்டைக்கு அவவுக்குப் பக்கத்தில இருந்தவவும் அப்பிடித்தான்."

பஸ் பிந்தி வந்திருக்கும், அதுதான் கோபமாக்கும் என்றேன்.

மனையியல் ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தனியாக இருப்பவர். சீலை மடிப்பு ஒரு விரல் பிசகினாலும் கண்ணால் சொல்லிவிடுவார். வணக்கம் சொல்வதற்கு மேல் நான் அவரோடு கதைத்ததே குறைவு. அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் என்னை மனையியல் அறைக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தி, முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்தார்.

"சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்ல வேண்டாம்," என்றார். "ரெண்டு மூண்டு கிழமையா உம்மட காலைப் பாக்கிறன். படியேறேக்க தெரியுது."

"நான் விழுந்தனான் அக்கா."

"ஓம். அப்பிடித்தான் சொல்லுறது. நானும் ஒரு காலத்தில அப்பிடித்தான் சொன்னனான்."

எனக்குத் தொண்டை வரைக்கும் சிரிப்பு வந்திருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"என்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்குது. எந்த நேரமும் வரலாம். ஏன் வந்தனீர் எண்டு கேக்கமாட்டன்."

உண்மையைத்தான் சொன்னேன். அண்ணையின் பெட்டி, சில்லு, மதில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கதையை நான் முதன்முதல் இப்பதான் கேக்கிறன்" என்றார், மிகவும் பாவம் பார்க்கிற குரலில்.

"பின்னேரம் வந்து பாருங்கோ அக்கா," என்றேன்.

வந்தார். ஐந்து மணிக்குக் குடையோடு நடந்தே வந்தார். வாசல் படலையில் நின்ற என் அவருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மதிலடிக்குப் போய் நின்றுகொண்டார். நான் ஹெல்மெட்டைப் போட்டேன், சீலைத் துண்டைப் பிடித்தேன், காலை வைத்தேன். சில்லு வழக்கமான இடத்தில் நச்சென்று இடித்தது. நான் ஒற்றைக்காலில் நாலு துள்ளுத் துள்ளினேன். அவ்வளவு சந்தோசமாக நான் அதுவரை அடிபட்டதில்லை. "பாத்தீங்களோ?" என்றேன். இன்னும் மூன்று தரம் விழுந்தேன். கடைசித் தரம் சில்லு சீலைத் துண்டையும் இழுத்துக்கொண்டு மதிலில் மோதிக் கத்தியது.

"போதும்," என்றார் அக்கா. குடையை மடக்கிக்கொண்டு நேராக என் அவரிடம் போனார்.

"தம்பி, நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன். மற்ற ரீச்சரிட்டையும் சொல்லிப்போட்டன். மன்னிக்க வேணும்."

தான் எனக்கு அடிப்பதாக அவர்கள் நினைத்திருந்த சங்கதி அப்போதுதான் என் அவருக்கு விளங்கியது. கோபப்படுவாரோ என்று நான் பயந்தேன்.

"பறவாயில்லை ரீச்சர்," என்றார். "ஆரேன் ஒராள் கேக்கத்தானே வேணும்."

பிறகு அவர் உள்ளே போய்க் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து மதிலடியில் போட்டார். மனையியல் அக்கா அதில் இருந்தார். நான் திரும்பவும் ஏறினேன்.

"நீர் ஏன் மதிலைப் பாத்துக்கொண்டு ஓடுறீர்?" என்று அக்கா கேட்டார் கொஞ்ச நேரத்தில். "பாக்கிற பக்கம்தானே சாயுறீர்."

மூன்று கிழமையாக அது எனக்குத் தெரியவில்லை. ரோட்டு முடிவில் நின்ற மின்கம்பத்தைப் பார்த்தேன். கை மதிலைவிட்டு எப்போது வந்தது என்று தெரியாது. ஏழெட்டு மீற்றர் போயிருப்பேன். இறங்கி நின்று திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் என் அவருக்கு இரண்டு ரீச்சர்மாரும் வணக்கம் சொன்னார்களாம். ஒருவர் இடியப்பப் பார்சல் ஒன்றும் கொடுத்திருக்கிறார். பத்து மணிக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு வட்டமும் அதன்மேல் சீலை கட்டிய ஒரு ஆளும் வரைந்திருந்தது. அதை அழிக்காமல், அந்த வட்டத்தின் பரப்பளவைக் காணச் சொன்னேன். பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ஹெல்மெட் போடுறீர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அறையில் மனையியல் அக்கா தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை நான் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையோ ரீச்சரோ "விழுந்திட்டன்" என்று சொன்னால், இப்போது நானும் இன்னொரு கேள்வி கேட்கிறேன்.

பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் வந்தது. நேராக ஓட ஒரு மாதம், திரும்ப இன்னொரு மாதம். மதில் இல்லாமல் ஏறத்தான் நிறையக் காலம் பிடித்தது. காற்று ஓய்ந்திருந்த பங்குனி மாதத்தில், ஒரு ஞாயிறு காலை, பக்கத்துத் தீவான வேலணைக்குப் போகிற பாலத்து ரோட்டில் ஓடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல். என் அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் மெதுவாக வந்தார். பாதித் தூரத்தில் எதிரே ஒரு வான் வந்தது. கண்ணைத் தூரத்தில் வைத்தேன். வான் வேகத்தைக் குறைத்து ஒதுங்கியது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். கையைக் காட்ட ஆசைதான், துணிவு வரவில்லை. தண்ணீருக்குள் கம்பு நட்டு வலை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு, நான் கடந்து போகும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். சில்லின் ரீங்காரத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எனக்குக் கீழே ரோட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

வேலணைப் பக்கம் போய் இறங்கினேன். என் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்ன, திரும்பியும் ஓடுவீரோ? இல்லாட்டி இதில ஏறுறீரோ?"

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ," என்றேன். "தண்ணி குடிச்சிட்டு ஓடுறன்."