வீடு வீடாக எடுத்த படம்

அலுவலகத்தில் அவரைத் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டால் மனிதர் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வரும். வெள்ளமோ கலவரமோ, அவர் எடுத்த படம் ஆடியதில்லை. கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை, செய்தித் தொலைக்காட்சிக்கு வந்தும் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதைப் படம் பேசிவிடும் என்பது அவர் நினைப்பு.

அந்தக் கோடையில் மலையில் பற்றிய காட்டுத்தீ, மூன்றாம் நாள் காற்று திரும்பியதும் சரிவில் இருந்த குடியிருப்புக்குள் இறங்கியது. ஆட்களை முன்னாலேயே அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டதால் உயிர் எதுவும் போகவில்லை. நான்காம் நாள் காலையில் செய்திக்காரர்களை மட்டும் மேலே விட்டார்கள். தூணோடு போனவர் ஒரு பெண் நிருபர். வயது முப்பதுகூட இல்லை, வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். ஆனால் அன்றைக்கு வண்டியில் அவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தெருவில் தூணின் அக்கா வீடு இருப்பது அவருக்குத் தெரியும்.

"வேற தெருவுல எடுத்துக்கலாமா அண்ணா?"

"வந்த வேலையப் பாப்போம்மா."

அக்கா வீட்டின் கூரை அப்படியே கீழே உட்கார்ந்திருந்தது. இரும்பு கேட் மட்டும் நின்றது. கேட்டில் வீட்டு எண் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே சலவை இயந்திரத்தின் கூடு, அக்கா மகளின் சைக்கிளில் மிஞ்சிய இரண்டு வளையங்கள். அவர் சாம்பல் ஒட்டிய லென்ஸைத் துடைத்தார். முன்னால் கேட், பின்னால் கருகிய மலை என்று வைத்துப் பதினெட்டு விநாடி எடுத்தார். எடுக்கும்போது, நல்ல ஃபிரேம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதைத்தான் பிற்பாடு அவரால் செரிக்க முடியவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டார். மலைக்கும் அடிவாரத்துக்கும் இருந்த ஒரே செல்போன் கோபுரம் எரிந்துவிட்டதால் அழைப்பு போகவில்லை. ஆனால் சாட்டிலைட் வழியாகப் படம் அனுப்பும் வசதியும் அலுவலகத்தோடு பேசும் தொலைபேசியும் வண்டியிலேயே இருந்தன. பன்னிரண்டு மணிச் செய்திக்கு வேண்டும் என்று செய்தி ஆசிரியர் அந்தத் தொலைபேசியில் கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றார். அதற்குள் கீழே போய் அக்காவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டு, தூண் அனுப்பிவிட்டார். பாதி வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்து நகர்த்த முக்கால் மணி நேரம் ஆனது.

பள்ளிக்கூடக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன்டா," என்றார் அக்கா.

"போன் போட்டேன்க்கா, போகல."

"சரி விடு. உன் வேலை அது."

அத்தான் விடுவதாக இல்லை. "ஊருக்கெல்லாம் காட்டி முடிச்சுட்டு, இப்ப நமக்குச் சொல்ல வந்திருக்கான் உன் தம்பி," என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் தூணோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்தான் வெளியே போனதும், ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா தூணுக்குக் கிட்டே வந்தார்.

"தம்பி, நாங்களும் அதே தெருதான். அஞ்சு வீடு தள்ளி, பச்சை கேட். இருக்கா?"

அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். இருப்பதிலேயே மோசமான நாலு வீட்டைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். எரியாமல் நின்ற வீட்டுக்குச் செய்தியில் இடம் கிடையாது, அதனால் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதற்குள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். எங்க வீடு, மாடி வீடு, வளைவுல முதல் வீடு.

"பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றார் தூண்.

மத்தியானமே மறுபடி மலை ஏறினார்கள். ஏழு தெரு, நூற்று நாற்பத்து மூன்று வீடு. ஒன்றையும் விடவில்லை. எண் அழிந்துபோன இடங்களில் நிருபர் உரக்கச் சொன்னார்: "ரெண்டாம் தெரு, இடது பக்கம், ஏழாவது வீடு." நடுவில் வண்டித் தொலைபேசியில் செய்தி ஆசிரியர் வந்தார்.

"என்னய்யா, வீட்டு புரோக்கர் மாதிரி ஒவ்வொரு வாசலா எடுத்துக்கிட்டு இருக்கியாமே? இத எவன் பாப்பான்?"

"பாக்கிறவங்க கீழ இருக்காங்க சார்."

சாயங்காலம் தலைமையாசிரியையிடம் கேட்டு ஒரு வகுப்பறையை வாங்கிக்கொண்டார். கூடத்தில் எல்லோர் முன்னாலும் போடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், கதவைச் சாத்திக்கொண்டு. நிருபர் வாசலில் நின்று தெருவாரியாகக் கூப்பிட்டார்.

பச்சை கேட் வீடு நின்றிருந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் உருகி வழிந்திருந்தது. மருந்துக்கடைக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெளிய போனா மூஞ்சிய எப்படி வெச்சுக்கிறதும்மா? அக்கம்பக்கம் எல்லாம் போயிடுச்சே."

"தலைவலின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குங்க," என்றார் நிருபர்.

ஒரு தையல்காரர் தன் வீட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு பெரியவர் திரைப்பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நின்னுச்சா இல்லையா, வாயால சொல்லுங்க போதும்," என்றார். தூண் அதுவரை அப்படி எதையும் வாயால் சொன்னதில்லை.

"இல்லீங்க ஐயா. சமையலறைச் சுவர் மட்டும் நிக்குது."

பெரியவர் தலையாட்டிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். தூண் படத்தை அடுத்த வீட்டுக்கு ஓட்டி வைத்தார்.

அக்கா வரவில்லை. "எனக்கு ஒரு தடவை பாத்ததே போதும்டா," என்று சொல்லியனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்துத்தான் ஜனங்களை மேலே விட்டார்கள். அதுவரை அவர்களுக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதிலிருந்து செய்தியில் நாலு விநாடி வந்தது. தூண் இன்றைக்கும் தீயைப் படமெடுக்கப் போகிறார். ஆனால் வீட்டுக்காரருக்குத் தகவல் போய்ச் சேராமல், எண் தெரிகிற வாசலை அனுப்புவதில்லை. செய்தி ஆசிரியர் கத்தி ஓய்ந்து, இப்போது படத்தைக் கொஞ்சம் நேரம் தள்ளிக் கேட்கப் பழகிவிட்டார்.

ஆறாம் மாதம் அத்தானே போன் செய்தார். வீட்டைத் திரும்பக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பழைய சுவர் எங்கிருந்து எங்கே போனது என்பதில் அவருக்கும் கொத்தனாருக்கும் வாக்குவாதம்.

"அந்தப் படம் வெச்சிருக்கியா?"

"இருக்கு அத்தான்."

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. சாப்பிடாம வா, உங்கக்கா சமைச்சு வெச்சிருப்பா."

ஞாயிற்றுக்கிழமை மண்மேட்டில் தூண், அத்தான், கொத்தனார் மூன்று பேரும் குந்திக்கொண்டு, சின்னத் திரையில் வெயில் படாமல் துண்டால் மறைத்துப் பார்த்தார்கள். கொத்தனார் சொன்னதுதான் சரியாக இருந்தது. அத்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.