தாலியை வாங்கும் கை

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கிழவியை, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். என் அம்மாவைத் திருடி என்று சொன்னால் விடுவேனா? அப்படித்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

அம்மா சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்குப் பொறுப்பு. எக்ஸ்ரே பிலிமைக் கழுவிக் காயவைத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, எம்.ஆர்.ஐ. வந்ததும் அதையும் கற்றுக்கொண்டவள். யாரை முதலில் படுக்கவைப்பது, எந்த டாக்டருக்கு எந்தப் படம் அவசரம் என்பதெல்லாம் அவள் முடிவுதான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே வந்து, மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உடம்பில் உலோகத்தோடு உள்ளே போகக்கூடாது. தோடு, வளையல், மெட்டி எல்லாம் சத்தமில்லாமல் கழன்றுவிடும். தாலிக்கொடி என்றதும்தான் ரகளை. அதற்கென்றே அங்கே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். முதலில் மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கொடியைக் கழற்றி ஆயாவிடம் கொடுக்க வேண்டும். அம்மா நோயாளியைத் தொடுவாள், ஊசிக்கு நரம்பு பார்ப்பாள், கொடியை மட்டும் ஆயாதான் வாங்குவாள். மேனேஜர் போட்ட வழக்கம் அது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று ஆயா லீவு. மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவை அவள் மாமியார் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்காவுக்குத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கண் வேறு மங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கே படம் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் கொடியில் தங்கத்தைவிட ஊக்குகள்தான் அதிகம் தொங்கின. அம்மா கையை நீட்டினாள்.

மாமியார் குறுக்கே வந்து நின்றாள். அம்மாவின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஏம்மிணி, உங்கையில தர்றதாவது! நானே அதத் தொடமாட்டேன். என்ற பையன் லோடு ஏத்திக்கிட்டு ரோட்டு மேல போயிட்டிருக்கறான். வேற ஆளக் கூப்புடு, இல்லீனா நாங்க ஊட்டுக்குப் போறோம்" என்றாள். கோபமாகத்தான் பேசினாள். அவள் கழுத்திலும் ஒன்றும் இல்லை.

போனை எடுத்து மாடிக்குச் சொல்லியிருந்தால் நர்ஸ் யாராவது வந்திருப்பாள். அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? போனைத் தொடவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை. "இங்க பொறுப்பு நாந்தானுங்க. நாந்தான் வாங்குவேன்" என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! நோட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். "எங்கம்மா ஒண்ணும் எடுத்துக்காது! உங்க சங்கிலி யாருக்கு வேணும்? நாங்க என்ன திருடங்களா?" என்று கத்தினேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னை அதட்டவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை.

அந்த அக்காதான் அசைந்தாள். மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு, கொடியைத் தலைவழியாகக் கழற்றி, மாமியாரைத் தாண்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "வச்சுக்கங்கக்கா. எனக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும்."

அம்மா அதை மேஜை டிராயரில் வைத்துவிட்டு அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். படம் எடுத்து முடிகிறவரை கிழவி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டே இருந்தாள். நான் அவளை முறைத்துக்கொண்டே இருந்தேன். அக்காவின் தலைக்குள் கட்டி இருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கண் தப்பியது. ரோட்டு மேல் இருந்த மகனும் லோடு இறக்கிவிட்டு ஆரஞ்சுப் பையோடு பெண்டாட்டியைப் பார்க்க வந்து சேர்ந்தான். அம்மா வாங்கி வைத்ததால் அவன் லாரிக்கு ஒரு டயர்கூடப் பஞ்சராகவில்லை.

மறுநாளே அம்மா மேனேஜரிடம், இனிமேல் எந்தக் கொடியையும் தானே வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். ஆட்கள் வேறு ஸ்கேன் சென்டருக்குப் போய்விடுவார்களே என்று அவர் கையைப் பிசைந்தார். "போறவங்க போவட்டுங்க சார்" என்றாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். யாரும் போகவில்லை.

திருட்டுப் பழியிலிருந்து அம்மாவைக் காப்பாற்றிவிட்ட கர்வம் எனக்கு. அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அந்தக் காந்தம் இருக்கறதாலதானம்மா நீ கழுத்துல ஒண்ணும் போட்டுக்கறதில்ல?" அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். அப்பா இல்லாததற்கும் அம்மாவின் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "ஆமா சாமி, காந்தந்தான்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக் கடையில் சிவப்புப் பாசிமாலை ஒன்று வாங்கி, கடைக் கண்ணாடியைப் பார்த்து அங்கேயே போட்டுக்கொண்டாள். அழகாக இருந்தாள். அதோடுதான் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் வந்தாள். பெரியம்மா பதறிப்போய் அவளை ஓரமாக இழுத்து, நாலு பேர் பார்க்குமுன் கழற்றச் சொன்னாள். "கழுத்து என்னுதுக்கா" என்றாள் அம்மா. பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பெரியம்மாவின் அறியாமையைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "பயப்படாதீங்க பெரியம்மா, மண்டபத்துல காந்தம் இல்ல" என்று தைரியம் சொன்னேன்.