இரண்டாவது ஆள்

ஓரெஸ்ட் ப்ரோகாப் வாயைத் திறப்பது சாப்பிடவும் இருமவும்தான் என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். காலமெல்லாம் மர ஆலையில் வேலை பார்த்த மனுஷன்; அந்த இரைச்சலில் பேசித்தான் என்ன பயன்? மனைவி ஐரீன் செத்த பிறகு வீட்டிலும் பேச்சுக்கு ஆளில்லை. வசந்த காலம் வந்தால் மட்டும் என் ரொட்டிக் கடைக்கு அடிக்கடி வருவார். விற்காமல் காய்ந்துபோன டோனட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போய், காட்டில் வைத்திருக்கும் பீப்பாயில் கொட்டுவார்; அந்த இரைக்கு வரும் கரடியை அம்பு விட்டு வேட்டையாடுவார்.

"இவ்ளோ இனிப்ப ஒரு பொம்பளைக்குக் குடுத்திருந்தா இந்நேரம் ரெண்டாம் கல்யாணமே முடிஞ்சிருக்கும்" என்பேன்.

"கரடி நொட்டை சொல்லாது, டாரீன்" என்பார்.

அம்பு பட்ட கரடி கொஞ்ச தூரமாவது ஓடிப் புதரில் விழும். அதைத் தேடித் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் குனிந்து ரத்தத் தடம் பார்க்க வேண்டும், இன்னொருவர் நிமிர்ந்து எதிரே பார்க்க வேண்டும். அந்த இன்னொருவராக இத்தனை வருடம் இருந்தவர் ஐரீனின் தம்பி மெர்வின். போன குளிருக்கு முன்பு அவரும் ரெஜைனா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்.

"இந்தத் தடவ யார் கூட?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

யாரையும் கூப்பிட மாட்டார் என்று தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கேட்டால் என்ன, நாக்கு தேய்ந்தா போய்விடும்?

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், கடையைப் பூட்டப் போகும்போது அவர் வண்டி வந்து நின்றது.

"அம்பு பட்டிருச்சு, டாரீன். ஆனா கரடியக் காணல. இருட்டுறதுக்குள்ள கெடைக்கலன்னா கறி வீணாப் போயிரும். கொஞ்சம் வர்றியா?"

"நானா? யோவ், மாவு பெசையறவளப் போய்க் கூப்பிடுற!"

"எதிர்ல பாத்துக்கிட்டே வந்தாப் போதும்."

திட்டிக்கொண்டே போனேன். கொசு பிய்த்தது, செருப்பு சேற்றோடு போயிற்று. அவரோ காய்ந்த இலையில் ஒவ்வொரு ரத்தத் துளியாகக் காட்டிக்கொண்டு, என்றும் இல்லாத வழக்கமாகப் பேசிக்கொண்டே வந்தார். கரடி பீப்பாய்க்கு வந்ததை, வில்லை இழுத்து அம்பை விட்டதை, ஐரீன் கரடிக் கறியை வேகவைக்கும் பக்குவத்தை எல்லாம் சொன்னார். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சா என்று இருந்தது.

விழுந்து கிடந்த மரத்துக்கு அப்பால் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"ஓரெஸ்ட்! அந்தா கெடக்கு!"

"அடிச்சது கெடச்சிருச்சு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

கிட்டே போய்க் குனிந்தேன். கரடியின் காலில் வேட்டை அனுமதி அட்டை கட்டியிருந்தது. செத்த விலங்கைத் தொட்டதும் அதைக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மீறத் தெரியாத மனுஷன் கட்டித் தொலைத்திருந்தார்.

"ஏற்கெனவே கண்டுபுடிச்சிட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்டுபுடிச்சேன். பக்கத்துலயே நின்னேன். கெடச்சிருச்சுன்னு சொல்ல ஆளில்ல, டாரீன்."

எனக்கு அழுகை வந்தது.

"சரி, அந்தக் காலப் புடி" என்றேன். "கறி கெட்டுறப் போவுது."