விமானம் இறங்கிய கழனி

இன்று மதியம் பாகூர் போகும் வழியில் எங்கள் பேருந்து நின்றுவிட்டது. சாலையோர வயலில் ஒரு குட்டிப் பயிற்சி விமானம் மூக்கைக் குத்திக் கிடந்தது.

என்ஜின் கோளாறாம். சாலையில் இறக்கப் பார்த்திருக்கிறார்கள். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் பக்கவாட்டில் அடித்த காற்று வயலுக்குள் தள்ளிவிட்டது.

பேருந்தே காலியானது. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, அறுவடைக்கு நின்ற நெல்லுக்குள் எல்லோரும் இறங்கினோம்.

வயல்காரர் வரப்பில் நின்று கத்தினார். "உள்ள எறங்காதீங்கப்பா, நெல்லு கொட்டிப்பூடும்!"

யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கெஞ்சலாக மாறியது. "செருப்பையாவது கழட்டிட்டு எறங்குங்கப்பா. சோறு போடுற கழனிப்பா."

அதையும் யாரும் கேட்கவில்லை.

விமானம் ஓட்டிய பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். நெற்றியில் ரத்தம். வெறுங்காலோடு வந்தாள், ஷூ இரண்டும் கையில் இருந்தன.

வயல்காரரிடம் "சாரிண்ணா" என்றாள்.

"உன்ன இன்னாம்மா சொல்றது? உன்னக் காத்து தள்ளிச்சி. இவனுங்கள எந்தக் காத்து தள்ளிச்சி?"

விமானத்தைத் தூக்க நாளை கிரேன் வருமாம். மிச்சமிருக்கும் நெல்லின் மேல்தான் அதற்கும் வழி.

வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடியோவுக்கு லைக் குவிகிறது. செருப்பு வாரில் நெல்மணிகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன.

அது எந்தக் காற்று என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.