எழுபதில் வைத்த ஹீட்டர்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அச்சகத்தில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஹீட்டர்தான். யாராவது போனில் அந்தப் பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வைத்துவிடுவார்கள். ஒருமுறை அப்படிச் சொல்லி வைத்தவர் அவரேதான் என்று ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை. ஆனால் ஆளைத் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

வேலை இதுதான். பெரிய அச்சு இயந்திரத்தின் கடைசியில், அச்சான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்து அடுக்காகும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் மூன்று சூட்டு விளக்குகளும் காற்று ஊதும் குழாயும் கொண்ட ஒரு நீளப் பெட்டி. ஈர மையோடு ஓடிவரும் தாள், கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் பெட்டியைக் கடந்து போவதற்குள் காய்ந்தாக வேண்டும். காயாவிட்டால், கீழே கிடக்கும் தாளின் படம் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். விளக்கு எவ்வளவு எரிய வேண்டும், காற்று எவ்வளவு வேண்டும், ஒட்டாமலிருக்கத் தாள்களுக்கு நடுவே எவ்வளவு பவுடர் தூவ வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் ஹீட்டர். இது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும்.

ஈரம் என்றாலே அவருக்கு ஆகாது. அதற்கு ஒரு பல் டாக்டர் காரணம். ஹீட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விளக்குப் பெட்டியெல்லாம் கிடையாது. பவுடரைத் தூவி, தாள்களைச் சின்னச் சின்ன அடுக்காகப் பிரித்து வைத்துக் காயும்வரை காத்திருப்பார்கள். பல் டாக்டரின் விளம்பரத்தாள் வந்தபோது ஹீட்டருக்கு ஏதோ அவசரம். எல்லாவற்றையும் ஒரே அடுக்காக ஏற்றிவிட்டார். தாளின் முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய சிரிப்பு. பின்பக்கம் டாக்டரின் படம். எல்லாம் முடிந்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், டாக்டரின் நெற்றியில் வரிசையாக மங்கலான பற்கள். ஒன்றிரண்டு தாளில் அல்ல, நாலாயிரம் தாளில். டாக்டர் நல்ல மனிதர். "நானே இவ்வளவு பல்லு பார்த்ததில்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஹீட்டர் மறந்திருப்பார். அந்த ஒரு வார்த்தை இருபது வருஷமாக நெஞ்சில் நிற்கிறது.

அதிலிருந்து வீட்டிலும் இதே பாடுதான். குடையை மூன்று தடவை உதறினால்தான் உள்ளே கொண்டுவருவார். கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்துத் துடைப்பார். 'ஈரப் பெயிண்ட், தொடாதீர்கள்' என்ற பலகையைப் பார்த்தால் தொட்டுப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், "இன்னும் காயல, அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்பார். "அப்பா, நான் போஸ்டர் இல்லப்பா" என்பாள் அவள்.

இனி மடிப்பக்கா. அவர்தான் ஹீட்டரின் மனைவி. அதே அச்சகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள மடிப்புப் பிரிவின் தலைவி. அவரோடு சேர்த்து நாலு பெண்கள். காய்ந்த தாள்களை இயந்திரத்தில் கொடுத்து மடித்து, கையால் நீவிச் சரிபார்த்து, கட்டுக் கட்டி அனுப்புவது அவர்கள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஹீட்டர் அடுக்கைத் தள்ளிக்கொண்டு போவார். "காய்ஞ்சுதா?" என்பார் அக்கா. "காய்ஞ்சுது" என்பார் ஹீட்டர். இரண்டு வருஷக் காதலில் இருவரும் பேசியது மொத்தமே இவ்வளவுதான் என்று மடிப்புப் பெண்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு துண்டுப் பிரசுரம் காய்ந்ததா இல்லையா என்று வீட்டில் சண்டை வந்து மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் அக்கா சட்டம் போட்டார்: வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிரஸ்ஸையும் கழற்றிவிட வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்குள் வேலைப் பேச்சே கிடையாது. குடும்பம் நிம்மதியாக ஓடியது.

போன வருஷம் முதலாளி அந்த விளக்குப் பெட்டியை வாங்கினார். பொருத்துவதற்கு வந்த டெக்னீஷியன் அரை நாளில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். போகும்போது, "விளக்கு ஐம்பதுல இருக்கட்டும். அடுக்கோட சூடு முப்பத்தஞ்சு டிகிரியைத் தாண்ட விடாதீங்க" என்று சொன்னார். ஹீட்டர் பணிவாகத் தலையாட்டினார். டெக்னீஷியனின் வண்டி தெருமுனை திரும்பியதும் குமிழை எழுபதுக்குத் திருப்பிவிட்டார். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றியில் பல் முளைத்த டாக்டரை டெக்னீஷியன் பார்த்ததில்லை அல்லவா.

மற்றபடி அந்தப் பெட்டியை அவர் கற்றுக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே கிடந்தார். விளக்குக்குப் பின்னால் உள்ள தகட்டில் தூசி படிந்தால் சூடு பாதியாகிவிடும் என்று கண்டுபிடித்துத் தினமும் துடைத்தார். சூடான காற்று வெளியேறும் குழாயைத் தன் செலவில்லாமல், ஆனால் தன் மூளையில், வேறு பக்கம் திருப்பிவிட்டார். கறுப்பு நிறைந்த படத்துக்கு ஒரு அளவு, வெறும் எழுத்துக்கு ஒரு அளவு என்று நோட்டுப் போட்டு எழுதினார். எழுதிய எல்லா அளவிலும் அந்த 'பாதுகாப்புக்கு இருபது' கூடவே சேர்ந்திருந்தது. முதுகில் ஒட்டும் பேச்சே அச்சகத்தில் இல்லாமல் போனது. முதலாளி எல்லோர் முன்னாலும் தோளில் தட்டி, "அடுத்த மாசத்துலேர்ந்து அச்சுக்கூடம் மொத்தமும் ஹீட்டர் மேற்பார்வைதான்" என்றார். ஹீட்டருக்குக் கால் தரையில் படவில்லை.

அப்போதுதான் அந்த மரச்சாமான் கடையின் விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. இதுவரை வராத தடித்த வழவழ தாள். அட்டை முழுக்க அடர் பழுப்பு. அதை மடித்தால் மடிப்பு ஓடும் இடமெல்லாம் மை வெடித்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிந்தது. புது மர அலமாரியில் யாரோ ஆணியால் கீறிய மாதிரி இருந்தது. கடைக்காரர் திருப்பி அனுப்பினார். மறுபடி அடித்தார்கள். மறுபடியும் வெடிப்பு. மூன்றாவது தடவை கடைக்காரரே நேரில் வந்து கத்திவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை முதலாளி கூடத்தின் நடுவில் நின்றார். சட்டையில் மடிப்புக் கலையாதவருக்கு மனசு மட்டும் கலைந்திருந்தது. "அச்சு சுத்தமா இருக்கு. காய்ச்சல் சுத்தமா இருக்கு. மடிப்புலதான் கோளாறு. கவனமே இல்ல. திங்கட்கிழமையிலேர்ந்து மடிப்பு வேலைய வெளியில கொடுத்துடறேன். நாலு பேரும் சனிக்கிழமையோட நின்னுக்கலாம்" என்றார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் ஹீட்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. காய்ச்சல் சுத்தமா இருக்கு என்றுவிட்டாரே! ஒரு நொடிதான். அடுத்த நொடி மடிப்புப் பிரிவின் வாசலில் வந்து நின்ற தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மடிப்பக்கா அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் செருப்பைக் கழற்றினார்கள். சட்டம் சட்டம்தானே. உப்பு போதுமா என்பதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு எழுந்துபோனாள்.

வியாழக்கிழமை அந்தப் பழுப்பு அட்டையை நாலாவது தடவையாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. ஹீட்டர் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குள் முந்நூறு தாள் ஒரே விளக்கில் ஓடிவிட்டது. அவற்றைத் தனியாகப் பிரித்துச் சிறு அடுக்காக வைத்து, "ஒரு விளக்கில் ஓடியது. சரியாகக் காய்ந்திருக்காது. ஜாக்கிரதை" என்று சீட்டு எழுதிச் செருகி மடிப்புப் பிரிவுக்கு அனுப்பினார். விளக்குகளை மாற்றியதும் மறுபடி எழுபதிலேயே ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் அந்தச் சீட்டு இருந்தது. அவர் எழுத்துக்குக் கீழே மனைவியின் கையெழுத்தில் ஒரே வரி: "இந்த முந்நூறில் ஒன்றுகூட வெடிக்கவில்லை."

சோற்றைப் பாதியில் வைத்தார். கையைக் கழுவி, வழக்கம்போல நன்றாகத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். சூடு பார்க்கும் கருவியை அடுக்குக்கு நேரே நீட்டினார். நாற்பத்தெட்டு. எழுபதில் காய்ந்த தாள் ஒன்றை உருவி மடித்தார். படக்கென்றது, வெள்ளைக் கோடு. அந்த முந்நூறில் மிஞ்சிய ஒன்றை எடுத்து மடித்தார். சத்தமே இல்லை. மழமழவென்று பழுப்பு. தாளிலும் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். அதையும் சேர்த்து அவர் உறிஞ்சியிருக்கிறார். தாள் மொரமொரவென்று ஆகிவிட்டால் யார் மடித்தாலும் வெடிக்கத்தான் செய்யும். டெக்னீஷியன் சொன்ன முப்பத்தைந்து காதில் வந்து அறைந்தது.

வெட்கத்தில் காது மடல் சுட்டது. அந்த நிமிஷமே முதலாளியின் அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தோளில் தட்டிய கை இன்னும் தோளில் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குமிழைச் சத்தமில்லாமல் ஐம்பதுக்கு இறக்கினார். இனி அட்டை வெடிக்காது, வெடிக்காவிட்டால் முதலாளி மனம் மாறிவிடுவார், யாருக்கும் தலைக்குனிவு இல்லை என்று கணக்குப் போட்டார். நல்ல கணக்குத்தான்.

சனிக்கிழமை காலை முதலாளி, முந்தைய நாள் மாலை ஓடிய அட்டைகளின் கட்டை மடிப்பு மேசையில் அவிழ்த்துப் பார்த்தார். பத்துப் பிரதி, இருபது பிரதி, ஐம்பது பிரதி. ஒரு கீறல் இல்லை. ஹீட்டர் கதவோரம் நின்றார்.

"பார்த்தீங்களா!" என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வேலை போகுதுன்னு சொன்னதும் மடிப்பு எப்படி வருது பாருங்க! அப்போ இத்தனை நாளா வேணும்னே அசட்டையா இருந்திருக்கீங்க. நல்லவேளை, நான் எடுத்த முடிவு சரிதான்."

மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மடிப்பக்கா மட்டும் தலையைக் குனியவில்லை. கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"ஐயா" என்றார் ஹீட்டர். குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து மறுபடி ஆரம்பித்தார். "ஐயா, மடிப்புல கோளாறு இல்லைங்க. கோளாறு என்கிட்ட."

"என்னப்பா சொல்ற?"

"ஐம்பதுல வைக்கச் சொன்னாங்க. நான் பயத்துல எழுபதுல வெச்சேன். முதல் நாள்லேர்ந்தே. தாள் வெந்து போச்சு. அதான் வெடிச்சுது. நேத்து மதியம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம குறைச்சுட்டேன். இவங்க எப்பவும் மடிக்கிற மாதிரிதான் மடிச்சாங்க. இப்ப நீங்க இவங்களத் திட்டறது என் தப்புக்கு."

முதலாளி ஒரு பிரதியை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவர் முகத்திலும் கொஞ்சம் அசடு வழிந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"சரி. யாரும் நிக்க வேண்டாம். திங்கட்கிழமை வழக்கம்போல வாங்க" என்றார். பிறகு ஹீட்டரிடம், "அந்த மேற்பார்வை விஷயத்த அப்புறம் பார்ப்போம்" என்றார். அப்புறம் என்றால் என்ன என்பது ஹீட்டருக்குத் தெரியும். தலையாட்டினார். இந்தத் தலையாட்டலில் பொய் இல்லை.

கண்ணைத் துடைத்த மூத்த பெண் இப்போது முழுதாகவே அழுதார். மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் தட்டினார்கள். முதலாளி திரும்பிப் போகப் போனவர், ஏதோ தோன்றியது போல நின்று மடிப்பக்காவைக் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"வியாழக்கிழமையே தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்த? உன் வேலையும் சேர்ந்துதானே போயிருக்கும்?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காகப் புருஷன் தலையில கட்டுறாள்னு சொல்லியிருப்பீங்க. அவர் வாயால வந்தாத்தான் அது நிக்கும். அதான் அவர் சொல்லட்டும்னு இருந்தேன்."

"அவன் சொல்லாமலே விட்டிருந்தா?"

மடிப்பக்கா மேசையிலிருந்த பிரதிகளை ஒரே தட்டில் நேராக்கினார். "விட்டிருந்தா, நாலு பேரு வேலை மட்டும் போயிருக்காதுங்க. எங்க வீட்டு வாசல்ல ஒரு ஜோடி செருப்பும் குறைஞ்சிருக்கும்" என்றார்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். மூன்று பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஹீட்டர் சிரிக்கவில்லை. அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.